சுடாத கால்

“ஆ!” என்று கத்திக்கொண்டு வலது காலை வெடுக்கென்று இழுத்தான் பேச்சிராஜ். “நான் இன்னும் அமுக்கவே இல்லையே தம்பி” என்றாள் ஜெசிந்தா அக்கா. ரெண்டு முனை வைத்த தடிப் பேனா மாதிரி இருக்கும் அந்தக் கரண்டுக் கம்பியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால் இவனும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பான், விஷயம் அதோடு போயிருக்கும். அவள் சும்மா பார்த்தாள். டக் என்று கேட்டதே, அப்ப அது மிஷின் இல்லையா, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியா. சே. வருஷா வருஷம் இந்த நரம்பு டெஸ்டுக்கு வந்து இதே கட்டிலில் இதே மாதிரி மல்லாந்து படுத்துக் கிடக்கிறான், கரண்ட் பாயும்போது மிஷின் டக் டக் என்று சொல்லும் என்பது தெரியும், அந்தச் சத்தம் வருகிறபோது கத்திக் காலை ஆட்டினால் போதும் என்று சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணி வைத்திருந்தான், கடைசியில் ஒரு நாற்காலிச் சத்தத்துக்குக் கத்தியாச்சு. காது ரெண்டும் கொதித்தது. கால்தான் செத்துப் போச்சு, காதுக்கு என்ன, அது நல்லாத்தான் வேலை செய்யுது. “பயமா?” என்றாள் அக்கா. “ஆமாக்கா” என்றான். அதுவும் பொய். பயந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். போன தடவை இதே கணுக்காலில் அவள் கரண்டைக் கூட்டிக் கூட்டி வைத்தபோது அவன் ஒன்றும் தெரியாமல் மேலே மின்விசிறியில் தொங்கிய ஒட்டடையைப் பார்த்துக்கொண்டிருந்தான், “இப்ப தெரியுதா, இப்ப?” என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள், கடைசியில் “சரி விடு” என்றாள். அந்த ‘சரி விடு’ இன்னொரு தடவை காதில் விழக்கூடாது என்றுதான் இவ்வளவு பாடும்.

விழக்கூடாது, ஏனென்றால் வெளியே பெஞ்சில் அம்மா இருக்கிறாள். அம்மா என்றால் சும்மா இல்லை, ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு வந்த குங்குமத்தை அவனுடைய கணுக்காலில் பூசிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்ட அம்மா. போகிற வருகிற ஆளெல்லாம் திரும்பிப் பார்த்தான். “இந்தத் தடவ பாரு ராசா, மிஷினே சொல்லும். அவ எறக்கி விட்டவ, கை விடுவாளா?” என்றாள். அவ என்றால் மாரியம்மன். அந்த டெஸ்டில் அம்மாவுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான், திரையில் மேடு வந்தால் நரம்பு இருக்கு, கோடு படுத்துக் கிடந்தால் நரம்பு இல்லை. அவனுக்கும் அவ்வளவுதான் தெரியும். பதிமூணு வயதில் முதல் தடவை படுத்தபோது மேடு இருந்தது, சின்னப் பிள்ளை வரைந்த மலை மாதிரி. அடுத்த வருஷம் அது வரப்பு மாதிரி ஆச்சு. அதற்கப்புறம் எறும்பு ஊர்ந்த தடம். போன வருஷம் கோடு. டாக்டர் அந்தப் பேப்பரை நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்துவிட்டு, இது அப்பாகிட்ட இருந்து வந்ததும் உண்டு, சுகரால வந்ததும் உண்டு, ரெண்டும் சேர்ந்து அடிக்குது, எது எவ்வளவுன்னு சொல்ல முடியல, அடுத்த வருஷம் திரும்பப் பார்ப்போம் என்றார். வருஷா வருஷம் பார்க்கிறார்கள். பார்த்துப் பார்த்து என்ன கிழித்தார்கள் என்று அம்மா கேட்டாள், வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள், அங்கே டாக்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டாள்.

“கால் ஐஸ் மாதிரி இருக்கு, இதுல என்னத்த எடுக்க” என்று ஜெசிந்தா அக்கா எழுந்து போனாள். அறையில் ஏசி. மிஷின் சூடாகக்கூடாதாம், ஆள் விறைக்கலாம். கால் குளிர்ந்து கிடந்தால் நரம்பில் கரண்ட் மெதுவாக ஓடுமாம், அப்புறம் நோயா குளிரா என்று தெரியாமல் போகுமாம், அதனால் ஒவ்வொரு தடவையும் வெந்நீர்ப் பையை வைத்துக் காலைச் சூடாக்கிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். வந்தவள் நேராகக் காலில் வைக்கவில்லை. முதலில் தன்னுடைய மணிக்கட்டில் வைத்தாள், உள்பக்கமாக, ஒரு நிமிஷம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். “ஏங்க்கா உங்க கையில வைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது அவனுக்கு. “நீங்கள்லாம் சுடுதுன்னு சொல்ல மாட்டீங்களே. ஒருத்தர் அப்படித்தான் ஜம்முன்னு படுத்திருந்தாரு, எடுத்துப் பாத்தா தோலு பையோட வருது” என்றாள் அக்கா. அப்போது அவளுடைய போன் அடித்தது. “சாம்பாரை ஊத்திச் சாப்பிடுடி, ரசம் ராத்திரிக்கு” என்று யாரிடமோ சொன்னாள். பேச்சிராஜுக்குத் தோலு பையோட வருது என்பதிலேயே மனசு மாட்டிக்கொண்டது. சட்டையில் முள் மாட்டின மாதிரி. எடுக்க எடுக்க இன்னும் ஆழமாக ஏறுகிறது. அப்ப தெரியாட்டியும் வேகும். தெரியாததற்கும் வேகாததற்கும் சம்பந்தமே இல்லை. இது ஒரு பெரிய கண்டுபிடிப்பா, சோறு பொங்குகிற யாருக்கும் தெரியும், பானைக்கு என்ன தெரியுதா, அடி பிடிக்கவில்லையா. அவனுக்கு மட்டும் தெரியாமல் போச்சு. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன் மண்டையில் அவ்வளவுதான் இருக்கும் என்று பெரியப்பா சொல்வார். ஆனால் அவன் படிப்பு வராமல் நிற்கவில்லை. ப்ளஸ் ஒன் மாடியில் இருந்தது, படியில் கால் முன்பாதம் தொங்கித் தட்டித் தட்டி விழுந்தான், மூணாவது தடவை பொட்டப் பிள்ளைகள் வரிசைக்கு நடுவில் போய் விழுந்தான், மறுநாளிலிருந்து போகவில்லை. அதைப் போய் யாரிடம் சொல்ல. படிப்பு ஏறலை என்று சொல்லிவிட்டான். முட்டாள் என்பது நொண்டி என்பதைவிடப் பரவாயில்லை.

மாசி கடைசியில் ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது ஊதுபத்தியைக் கொளுத்திக் குதிகாலில் வைத்துப் பார்த்தான். அவனே அவனுக்கு வைத்துக்கொண்ட டெஸ்ட். ஒன்றும் தெரியவில்லை. முடி கருகிற நாற்றம் வந்தது, வேறு யாருக்கோ கருகுகிற மாதிரி. உள்ளங்காலில் வைத்தான். அங்கேயும் இல்லை. வேறு எவனாக இருந்தாலும் பயந்திருப்பான், இவனுக்குச் சந்தோஷம் வந்தது. அம்மா அவனுக்குப் பதிலாகத் தானே பூக்குழி இறங்குவதாகத்தான் நேர்ந்திருந்தாள். “நீ எறங்க வேண்டாம்மா, நான் எறங்குறேன்” என்றான். அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று தெருவே பேசியது. ஒரு மயிரு பக்தியும் இல்லை. செல்போன் கடையில் அவனோடு வேலை பார்க்கிற கார்மேகமும் மற்ற பயல்களும் வருஷா வருஷம் காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டியோடு தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்கள், மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிகிற வரைக்கும் அவர்களை யாரும் வாடா போடா என்று கூப்பிட மாட்டார்கள், சாமி என்பார்கள். அவர்கள் எல்லாரும் நெருப்பைப் பார்த்து உள்ளுக்குள் நடுங்குகிறவன்கள், இவன் ஒருத்தனுக்குத்தான் நடுங்கத் தேவை இல்லை. கபடியில் இவனைச் சேர்க்க மாட்டான்கள், கிரிக்கெட்டில் அம்பயராக நிறுத்துவான்கள், இதில் ஜெயிக்கலாம். அவ்வளவுதான் கணக்கு. நரம்பு செத்ததை வைத்து ஒரு தடவையாவது லாபம் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். ஒரு வேளைச் சாப்பாடு விரதம். சாப்பிடாதபோது ஊசி எதற்கு என்று இன்சுலினையும் அவன் இஷ்டத்துக்குக் குறைத்தான், சில நாள் போடவே இல்லை, அம்மா கேட்டால் போட்டாச்சு என்றான். தண்ணீர் தண்ணீராகக் குடித்தான், ராத்திரி எழுந்து எழுந்து போனான். விரதச் சூடு என்றாள் அம்மா.

பூக்குழியில் எல்லாரும் ஓடினார்கள். ஓடித்தான் கடப்பார்கள், அதில் ஒன்றும் தப்பில்லை, நாலு எட்டில் தாண்டி அந்தப் பக்கம் பால் ஊற்றின குழியில் தொப்பென்று விழுவார்கள். கார்மேகம் முயல் மாதிரிப் போனான். பேச்சிராஜ் நடந்தான். அவனால் ஓட முடியாது, அதுதான் காரணம். முழங்காலை உயரத் தூக்கி, தொங்குகிற முன்பாதத்தை எறிந்து, ஊன்றி, மறுபடி தூக்கி, வீட்டில் எப்படி நடப்பானோ அப்படித்தான் நடந்தான், தணலில் கால் புதைந்து புதைந்து வந்தது, கடற்கரை மணல் மாதிரி மெத்தென்று இருக்கிறதே என்று நினைத்தான். மேலே முகத்தில்தான் அனல் அடித்தது. நடுவில் நிலை தடுமாறி, இடது காலை ஊன்றி ஒரு நிமிஷம் நின்றேவிட்டான். நின்றான்! நெருப்பு மேலே நின்றான்! அப்போது எழுந்த குலவைச் சத்தம் இருக்கிறதே, அது அவன் மண்டை ஓட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, இன்னும் இறங்கவில்லை. மேளக்காரன் அடியை மாற்றினான். பூசாரி ஓடி வந்து அவன் கழுத்தில் இருந்ததோடு இன்னொரு மாலையைப் போட்டார். கரையேறினதும் பொம்பளைகள் வரிசையாக வந்து மஞ்சத்தண்ணியை அவன் காலில் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள், மளிகைக்கடைக்காரர் சம்சாரம், இவனுக்குப் பிளஸ் ஒன்னில் கெமிஸ்ட்ரி எடுத்த டீச்சர், எல்லாரும். “பாத்தியாடி, ஆத்தா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கா, என்ன நிதானம்!” என்றாள் ஒருத்தி. நிதானம். அவன் என்ன செய்திருக்க வேண்டும், காலை இழுத்துக்கொண்டு, விழாதீங்க, எனக்கு உணர்ச்சி இல்லை, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தால்தானே. அவன் என்ன செய்தான் என்றால் அவர்கள் தலையில் கை வைத்தான். சாமி மாதிரி. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அந்தக் கை எப்படி அவ்வளவு சரியாகத் தலைக்குப் போனது! பிடித்திருந்தது. பொய் சொல்லக்கூடாது, ரொம்பப் பிடித்திருந்தது. டீச்சர் தலையில் வைத்தபோது இன்னும் கொஞ்சம் அழுத்தியே வைத்தான்.

ஒருத்தர் மட்டும் கும்பிடவில்லை. கரண்டுக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு அப்பா நின்றார். அவருக்கும் இதே கால்தான். உள்ளங்கால் வில்லாக வளைந்து, விரல் சுருண்டு, கெண்டைக்காலில் சதையே இல்லாமல், தீக்குச்சியில் வேட்டி கட்டின மாதிரி. லாரி எடைமேடையில் சீட்டு எழுதுகிற வேலை, அது உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால்தான் இத்தனை வருஷம் ஓட்டினார். ஊரில் கொக்கு என்றால் சங்கரபாண்டி என்கிற பேரை யாரும் சொல்ல வேண்டாம். எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் அவர் டிபன் டப்பாவோடு பள்ளிக்கூட கேட் தாண்டி முழங்காலைத் தூக்கித் தூக்கி வந்தார், ஒரு செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, அது தெரியாமலே ஒற்றைச் செருப்போடு வருகிறார், பயல்கள் கொக்கு கொக்கு என்று கத்த, யாருடா அது என்று இவனிடம் ஒருத்தன் கேட்க, தெரியலடா என்றான். டப்பாவை வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் ஒரு வருஷத்தில் இவன் காலும் தூக்கிக்கொண்டது. சரி, அதை விடு. அன்றைக்குப் பொங்கல் முடிந்து வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா மெல்ல அவன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். “ஏலே, காலக் காட்டு” என்றார். “என்னத்துக்கு?” “காட்டுலேங்கேன். நமக்குத் தெரியாது, பாத்தாத்தான் உண்டு. எனக்கு ஆணி ஏறிக் கெடந்தது செருப்பக் கழட்டும்போதுதான் தெரிஞ்சது.” நமக்கு என்றார். அந்த நமக்கு என்கிற வார்த்தைதான் இவனைக் கொளுத்தியது. இவன் சாமி, இப்போதுதான் ஊரே காலில் விழுந்திருக்கிறது, அதற்குள் வந்து நமக்காம். “இந்தக் காலக் குடுத்ததே நீங்கதான, இப்பப் பாக்க வேற வந்துட்டீங்களா?” என்றான். சத்தமாகச் சொன்னான். பெரியப்பா கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார், கால் வரவில்லை, சுவரைப் பிடித்து, பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தார். அவ்வளவு நேரம் ஆகுமா ஒரு ஆள் எழுந்திருக்க. அன்றைக்கு வாயை மூடினவர்தான், இன்றைக்குக் காலையில் பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை. வந்திருந்தால் இவன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பான்.

“இப்ப கையில எடுக்கப் போறேன், இது நெசமாவே வலிக்கும், கத்தணும்னா கத்திக்கோ” என்றாள் ஜெசிந்தா அக்கா. வலது காலில் எடுத்து முடித்துவிட்டாள் போல. கோடா மேடா, திரையை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள், அவள் முகத்தில் தேடினான், அவள் வாயைச் சுழித்துக்கொண்டு என்னமோ தட்டினாள், ‘சரி விடு’ என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன. மணிக்கட்டில் கம்பியை அழுத்தினாள். டக். கை தானாக எகிறியது, கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொண்டது, முழங்கை வரைக்கும் பல்லைக் கடிக்க வைக்கிற மாதிரி ஒரு வெட்டு. கத்தவில்லை. கண்ணில் தண்ணி வந்துவிட்டது, ஆனால் இது சந்தோஷத் தண்ணி. வலிக்கட்டும். கை இன்னும் இருக்கிறது. செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிற வேலை அவனுக்கு, தூசி இல்லாமல் குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும், கார்மேகம் எல்லாம் ஒட்டினால் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும், இவன் ஒட்டினால் ஒட்டினதே தெரியாது. போன மாசம் ஒரு நாள் சின்ன திருகாணி விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தாத்தான் உண்டு. அப்பாவுடைய வார்த்தை. கடை அண்ணன் பார்த்துவிட்டாரோ என்று கழுத்து வியர்த்தது. இன்னொரு டக். “போன தடவைக்கு இது கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு. சுகர் எப்படி வச்சிருக்க, ஊசி ஒழுங்காப் போடுறியா?” என்றாள் அக்கா. “போடுறேங்க்கா.” தயங்காமல் வந்தது. பொய் சொல்வதற்கு மட்டும் இவன் நரம்பில் கரண்ட் என்ன வேகமாக ஓடுகிறது. அப்பா கொடுத்தது என்றால் அதில் இவன் செய்ய ஒன்றும் இல்லை, மூக்கு மாதிரி முழி மாதிரி, வந்தது வந்தாச்சு. ஆனால் சுகர் பாதி, அந்தப் பாதி இவன் செய்தது. தினமும் வாங்கிக் குடித்த இனிப்புப் பன்னீர் சோடா செய்தது. ஊசியைக் கடையில் எல்லார் முன்னாலும் எடுக்க வெட்கப்பட்டுப் பையிலேயே வைத்திருந்தது செய்தது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் எல்லாம் ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சிக்கு லாட்ஜ் டாக்டர் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும், கார்மேகம் அதில் ஒன்றைக் கிழித்து வந்து, “ஏலே பேச்சி, ஒனக்குத்தான் தேடிட்டிருந்தேன்” என்று கடை மேசையில் வைத்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றையிலிருந்து நரம்பு என்கிற வார்த்தையையே இவன் வெளியில் சொல்வதில்லை. சுகர் என்றும் சொல்வதில்லை. ஒன்றையும் சொல்வதில்லை.

“சரி, அந்த சாக்ஸையும் கழட்டு, இடதுல எடுத்துட்டா முடிஞ்சது” என்றாள். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காலையிலிருந்து பயந்து கிடந்தான். “இடதுல எதுக்குக்கா, ரெண்டும் ஒண்ணுதானே?” “ரெண்டும் ஒண்ணா இல்லையான்னு பாக்கத்தானப்பா டெஸ்டு.” “குளிருதுக்கா.” “குளிருதா? ஒனக்கா? கால்லயா?” என்றாள். செத்தான். பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது படிப்பு வேண்டும். காலை மடக்கிக்கொண்டான். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, சின்னப் பிள்ளைக்குக் கழற்றுகிற மாதிரி சாக்ஸின் விளிம்பைப் பிடித்து உருட்டினாள். பவுடர் வாசனை முதலில் வந்தது. காலையில் அரை டப்பா பவுடரைக் கொட்டியிருந்தான். அதற்குப் பின்னாலேயே மற்றது வந்தது, ஃப்ரிட்ஜ் ரெண்டு நாள் ஓடாமல் போனால் உள்ளே வருமே, அது. சாக்ஸ் பாதி வந்து பெருவிரலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டது. இழுக்காதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தான், இழுத்தால்தான் என்ன, வலிக்கவா போகிறது. வலிக்காது. அவள் இழுக்கவில்லை, தண்ணீர் விட்டு ஊற வைத்தாள். ஊறுகிற நேரம் பூராவும் ரெண்டு பேரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள். பொங்கலுக்கு மறுநாள் அது கொப்புளமாகத்தான் இருந்தது, தண்ணி கட்டி, புரோட்டா மாவை உருட்டி வைத்த மாதிரி. ஊசியால் குத்திவிட்டு மஞ்சத்தூளை அப்பினான். இன்சுலின் போட வேண்டிய ஊசி, அதற்காவது பயன்பட்டது. ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தான். வலித்தால்தானே புண், வலிக்கவில்லை, அப்ப புண் இல்லை, இப்படித்தான் ஒவ்வொரு நாளும் சாக்ஸை மாட்டிக்கொண்டு போனான். ரெண்டு வாரம். ஓரம் கறுத்தது. நடுவில் ஒரு குழி விழுந்தது. அதைக் குனிந்து பார்க்காமலே சாக்ஸ் மாட்டப் பழகிக்கொண்டான், கூரையைப் பார்த்துக்கொண்டு மாட்டுவான்.

சாக்ஸ் வந்துவிட்டது. ஜெசிந்தா அக்கா காலின் அந்தப் பக்கம் போய்க் குனிந்தாள். அவன் அவள் உச்சி வகிடைப் பார்த்தான். திட்டட்டும் என்று காத்திருந்தான். “எப்படிப்பா இது?” என்றாள், குரலே இல்லாமல். “மிதிச்சிட்டேங்க்கா.” “எத?” “பூக்குழி.” அவள் நிமிர்ந்து, அவன் முகத்தையும் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவள் கழுத்தில் சின்னச் சிலுவை, என்ன சாமிடா உங்க சாமி என்று ஏதாவது சொல்வாள், சொன்னால் சண்டை போடலாம், கத்தலாம், எங்க சாமியைப் பற்றிப் பேசாதீங்க என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகலாம். அவள் சொன்னது வேறு. “தெரியலேல்ல? ஒனக்குத் தெரிஞ்சிருக்காது. பாவம்” என்றாள். அந்தப் பாவம் என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. தெரியும் என்று கத்த வேண்டும் போல இருந்தது. தெரியாது என்பது தெரியும், அது தெரிந்துதான் இறங்கினேன், ஏமாத்தினேன், நீங்க பாவம்னு சொல்லாதீங்க. கட்டில் விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினான். “அம்மா பாத்தாங்களா?” “இல்ல.” “டாக்டர் இப்ப பசங்களுக்குக் கிளாஸ் எடுக்கப் போயிட்டாரு. நான் ரிப்போர்ட்ல எழுதிருவேன். ஆனா அதுக்குக் காத்திட்டிருக்காத. கேளு, இங்க பாரு, என் மூஞ்சியப் பாரு. கீழ எறங்கின ஒடனே இடது பக்கம் டிரெஸ்ஸிங் ரூம். நேரா அங்க போற. சுகர் இருக்கு, நரம்பு இல்ல, தீயில மிதிச்சேன்னு உள்ளபடி சொல்ற. இன்னைக்கே. நாளைக்குன்னு தள்ளினா இது காலோட நிக்காது, புரியுதா? அம்மாவ நான் கூப்பிட்டுச் சொல்லட்டுமா?” “வேண்டாம்க்கா! நானே சொல்றேன். நானே கூட்டிட்டுப் போறேன்.” “போயிருவேல்ல?” “போறேங்க்கா.” நம்பினாள். கதவுக்கு வெளியே அடுத்த ஆளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்று ஒருத்தன் தட்டிக்கொண்டிருந்தான். அவள் வெள்ளைத் துணியை வைத்துக் காலை லேசாகச் சுற்றிவிட்டாள், அதற்கு மேல் அவனே சாக்ஸை மாட்டினான், இந்தத் தடவையும் கூரையைப் பார்த்துக்கொண்டு.

போவான். போகத்தான் நினைத்தான். அதை யாரும் சந்தேகப்பட வேண்டாம். கதவைத் திறக்கும்போது முதல் வாக்கியத்தைக்கூட வாய்க்குள் வைத்திருந்தான், அம்மா, கோவப்படாத, கீழ ஒரு எடத்துக்குப் போகணும். ஆனால் பெஞ்சில் அம்மா தனியாக இல்லை. பக்கத்தில் ஒரு பொம்பளை, வெளுத்த நைலக்ஸ் சேலை, மடியில் ஏழெட்டு வயசுப் பெண்பிள்ளை, பிள்ளையின் காலில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ். அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள், “எல்லாரும் ஓடுறாக, எம்பிள்ள நடக்கான், நடுவுல போயி நிக்கான்கேன்! ஒரு கொப்புளம் கெடையாது.” அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். “என்ன ராசா, நல்லா வந்திருக்கா?” என்றாள். அந்தப் பொம்பளையும் அவன் வாயையே பார்த்தாள். பிள்ளையும் பார்த்தது. மூணு பேருடைய கண்ணிலும் எரிகிறதை ஒரே வாயால் ஊதி அணைக்க வேண்டும், முடியவில்லை. “நல்லா வந்திருக்கும்மா” என்றான். அம்மா ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். “கேட்டீகளா தாயி, நான் சொல்லல?” என்று அந்தப் பொம்பளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் பிள்ளையை இறக்கி நிறுத்தி, கையைப் பிடித்து இவன் முன்னால் கொண்டுவந்தாள். “எங்க ஊருல வைகாசியில எறக்குவாகய்யா. இவளத் தூக்கிட்டு நானே எறங்கலாம்னு இருக்கேன். பிள்ள தலையில ஒரு கைய வைங்க சாமி” என்றாள். பிள்ளைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தது. பூட்ஸுக்குள் அதன் கால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இறங்காதீங்கக்கா, அது சாமி இல்லை, நான் சொல்கிறேன், என்று வாய் வரைக்கும் வந்தது. கை போய்த் தலையில் உட்கார்ந்தது. சூடாக இருந்தது தலை. கைக்குத் தெரிந்தது.

படியில் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அம்மா பேசிக்கொண்டே வந்தாள், வீட்டுக்குப் போனதும் மாவிளக்கு எடுக்கணும், பெரியப்பாவுக்குப் போன் போடணும், உங்கப்பா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்காரே, அவர்ட்ட மொதல்ல சொல்லணும். அப்பாவிடம் சொன்னால் என்ன செய்வார். ஒன்றும் சொல்ல மாட்டார், இவன் காலைத்தான் பார்ப்பார். கீழே இறங்கினதும் இடது பக்கம் அந்த அறை இருந்தது, மருந்து வாடை, வரிசையில் ஏழெட்டுப் பேர், ஒருத்தர் கட்டுப் போட்ட காலை எதிர் நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பயமாகவே இல்லை அந்த இடம். போய் நின்றால் முடிந்தது. அம்மா நின்று மூச்சு வாங்கினாள். “ராசா, டெஸ்டு எடுத்த பிள்ள வேற என்னமும் செய்யச் சொல்லுச்சா? மாத்திரை கீத்திரை? எங்கயாவது காட்டச் சொல்லுச்சா?” என்று கேட்டாள். தானாகவே கேட்டாள். அதற்கு மேல் ஒருத்தருக்கு எப்படி வழி விடுவார்கள். “ஒண்ணும் சொல்லலம்மா, வா, பஸ்ஸு போயிரும்” என்றான். முழங்காலைத் தூக்கி, பாதத்தை எறிந்து, ஊன்றி, வலது பக்கம் கேட்டைப் பார்த்து நடந்தான். அம்மா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.